பதிமூன்று அங்குலத்துக்குள் ஒரு பெட்டி

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் உட்கார்ந்திருக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நான் சொல்லப்போகும் விஷயத்தில் நடந்த கெட்டதெல்லாம் அந்தக் கோபத்தால் வந்தது. நல்லதெல்லாம் இன்னொரு பெண்ணால் வந்தது. இத்தனை வருஷம் கழித்து எழுத உட்கார்ந்தால் அந்தப் பெண்ணைப் பற்றித்தான் முதலில் எழுதத் தோன்றுகிறது.

இரண்டாயிரத்து ஆறாம் வருஷம். பம்மலில் ஒரு காம்பவுண்டுக்குள் ஒற்றை அறைப் போர்ஷனில் குடியிருந்தோம். கணவருக்கு நடந்து போகிற தூரத்தில் ஷூ தைக்கும் யூனிட்டில் வேலை. பெண் பிறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. பிரசவத்துக்கு முன்னால் வரை நான் கிண்டியில் ஓர் ஆபீசில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். அமெரிக்காவில் ஒரு டாக்டர் நோயாளியைப் பார்த்துவிட்டு, பார்த்ததையெல்லாம் மைக்கில் பேசிவைப்பார். அந்தப் பேச்சை நாங்கள் இங்கே காதில் மாட்டிக் கேட்டு, வரிவரியாக அடித்து, சொன்ன நேரத்துக்குள் அனுப்ப வேண்டும். சிலர் மூக்கால் பேசுவார்கள், சிலர் சாப்பிட்டுக்கொண்டே பேசுவார்கள். அதைப் புரிந்துகொள்ளவே எனக்கு ஒரு வருஷம் பிடித்தது. பன்னிரண்டாவதும் டைப்ரைட்டிங் ஹையரும் மட்டும் கையில் வைத்துக்கொண்டு நானாகப் பிடித்த வேலை அது. அதை விட எனக்கு மனசில்லை.

ஆனால் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. அம்மா கிடையாது. மாமியார் திண்டிவனத்தில் மச்சினர் பிள்ளைகளோடு மாட்டிக்கொண்டிருந்தார். ஆபீசில் கெஞ்சிக் கூத்தாடி ஒரு வழி வாங்கினேன். மூன்று மாதம் வீட்டிலிருந்தே அடித்து அனுப்பலாம், அது சரியாக நடந்தால் நிரந்தரமாக அப்படியே இருக்கலாம். ஒரே நிபந்தனை, மூன்றாவது தடவை ஃபைல் லேட்டானால் வீட்டு வேலை ரத்து. அப்புறம் கிண்டிக்கு வரணும், முடியாவிட்டால் ராஜினாமா பேப்பர் போட்டுவிட்டுப் போகணும். டீம் லீடர் இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்துக்கொண்டேதான் தலையாட்டினேன்.

வீட்டில் கம்ப்யூட்டர் வைக்க இடம் வேண்டுமே. எங்கள் அறையில் கட்டில், பீரோ, சமையல் மேடை, குழந்தையின் தூளி, இவ்வளவு போக மிச்சம் இருந்தது நாங்கள் இரண்டு பேர் எதிரும் புதிருமாக நின்றால் இடித்துக்கொள்ளும் அளவு. மானிட்டரை ஓர் இரும்பு மேசையில் வைத்துவிட்டேன். சிபியு என்று எல்லாரும் சொல்கிற பெரிய பெட்டியைத்தான் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. தரையில் வைக்க முடியாது, ஐப்பசி மழைக்குப் பம்மலில் தண்ணீர் வாசல்படி ஏறி உள்ளே வரும். மிச்சம் இருந்தது சுவருக்குள் கடப்பா கல் பதித்துக் கட்டிய அலமாரி. அதில் ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவே பதிமூன்று அங்குலம், ஆழம் பதினாலு. ஒரு கல்லை மட்டும் எடுத்துவிடலாமா என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். சுவரையே எடுத்துக்கொண்டு போகக் கேட்டதுபோல என்னைப் பார்த்தார்.

அதனால் ஜாக்கெட் தைக்க வைத்திருந்த இஞ்ச் டேப்பைப் பையில் போட்டுக்கொண்டு மேற்குத் தாம்பரத்துக்குப் போனேன். ஸ்டேஷன் பக்கம் மாடியில் ஒரு கம்ப்யூட்டர் கடை. சாமான் வாங்கி வைத்து, கேட்கிற மாதிரி பூட்டிக் கொடுப்பார்கள். கடைக்காரரை எல்லாரும் பாய் என்று கூப்பிட்டார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். வரிசையாக நின்ற பெட்டிகளை நான் ஒவ்வொன்றாக அளக்க ஆரம்பித்ததும் அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"இன்னா மேடம், ஜாக்கெட்டுக்கு அளவு எடுக்கிற மாதிரி எடுக்கறீங்க?"

"ஜாக்கெட்டாவது லூசா இருந்தா பிடிச்சுத் தைக்கலாம் பாய். எனக்குப் பதிமூணு அங்குலத்துக்கு மேல ஒரு நூல் கூட ஆகாது" என்றேன்.

அவர் பரண்மேல் கையை விட்டு ஒரு சின்ன அட்டைப் பெட்டியை இறக்கினார். யாரோ கேட்டு வரவழைத்து வாங்காமல் போன கேபினெட்டாம். பிரெட் பாக்கெட்டை நாலு சேர்த்துக் கட்டிய அளவுதான் இருந்தது. டேப்பை வைத்தேன். உயரம் பதினொன்றரை. ஆழம் பதிமூன்று. எனக்கு அதைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"வாங்கறது ஈஸி மேடம், உள்ள பூட்டறதுதான் பேஜாரு" என்றார் பாய். "என் கை உள்ளயே போவாது. எங்க வூட்டம்மாதான் செய்யணும்." தடுப்புப் பலகைக்குப் பின்னால் பார்த்துக் குரல் கொடுத்தார்.

பின்னாலிருந்து வந்தவருக்கு என்னைவிட ஒன்றிரண்டு வயது குறைவாக இருக்கும். தலையில் முக்காடு, கையில் ஸ்க்ரூ டிரைவர். எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமா படித்தவராம். கடையில் பெரிய பெட்டியெல்லாம் பாயும் இன்னொரு ஆளும் பார்த்துக்கொள்வார்கள், சின்னப் பெட்டி வந்தால் அது அவருடையது. கை வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி ஒரு காலி அட்டைப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, என்னைப் பார்த்து, "உக்காருங்கக்கா, பாத்துக்குங்க. நாளைக்கு உங்களுக்கே உதவும்" என்றார்.

பார்த்தேன். அன்றைக்குப் பார்த்ததை இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். சாதாரணக் கம்ப்யூட்டர் பெட்டி தனி வீடு மாதிரி. போர்டு ஒரு சுவரில், கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் ஒரு மூலையில், டிஸ்க்குகள் எதிர் மூலையில், நடுவில் பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடலாம். இந்தச் சின்னப் பெட்டி ஒண்டுக்குடித்தனம். அடியில் போர்டு மல்லாக்கப் படுத்திருக்கிறது. அதன் நடுவில் பிராசசர், அதன் தலைமேல் அலுமினியத் தகடுகள், அதற்கும் மேலே உள்ளங்கை அளவு ஃபேன். அந்த ஃபேனுக்கு ஒரு விரற்கடை தள்ளி, பின்பக்கத்தில் பாதியை அடைத்துக்கொண்டு, எஸ்எம்பிஎஸ் தொங்குகிறது. முன்பக்கம் ஒரு தகரக் கூண்டு. கூண்டின் மாடியில் டிவிடி, கீழ்த்தளத்தில் ஹார்டு டிஸ்க். ராம் என்கிற மெமரிப் பட்டையைச் செருகுகிற இடம் அந்தக் கூண்டுக்கு அடியில். ராமைத் தொட வேண்டுமென்றால் கூண்டைத் தூக்கணும். கூண்டைத் தூக்க வேண்டுமென்றால் எஸ்எம்பிஎஸ் நகர்ந்து வழிவிடணும். ஒரு குழாயடிக்கு ஆறு குடித்தனம் இருக்கிற எங்கள் காம்பவுண்டில் காலை ஆறு மணிக்கு நடப்பது இதேதான். ஒருத்தி குடத்தை எடுத்தால்தான் அடுத்தவள் குடத்தை வைக்கலாம்.

அவர் சாமான்களை ஒரு செய்தித்தாளில் வரிசையாகப் பரப்பி, முதலில் உள்ளே போக வேண்டியதை முதலில் எடுத்தார். எந்த இடத்திலும் அமுக்கவில்லை, இடிக்கவில்லை. ஹார்டு டிஸ்க்கிலிருந்து வருகிற பட்டை கேபிளைப் புடவைக் கொசுவம் மாதிரி மடித்து, கூண்டுக்கும் சுவருக்கும் நடுவே செருகினார். ஒயர்களையெல்லாம் ஓரமாக ஒதுக்கிக் கட்டினார். எல்லாம் முடிந்த பிறகு பார்த்தால், எள் விழ இடமில்லாத அந்தப் பெட்டிக்குள் ஃபேனுக்கு முன்னால் மட்டும் ஒரு கை அளவு இடம் காலியாக இருந்தது.

"இன்னும் ஒரு சாமான் வைக்கலாம் போலிருக்கே" என்றேன்.

"அது காத்து வர்ற வழிக்கா. அதைக் காலியா வுடறதுக்குத்தான் இவ்ளோ பாடு." பிறகு மூடியைக் காட்டினார். ஃபேனுக்கு நேர் மேலே மூடியில் நீளநீளமாகத் துளைகள். "இது மேல மட்டும் எதையும் வெக்காதீங்க. துணி போட்டு மூடாதீங்க."

சரி சரி என்று தலையாட்டினேன்.

பெட்டி அலமாரிக்குள் அளவெடுத்துச் செய்தது போல உட்கார்ந்துகொண்டது. நான் வேலையை ஆரம்பித்தேன். குழந்தை தூங்கும்போது அடிப்பேன். விழித்துக்கொண்டால் ஒரு காலால் தூளியை ஆட்டிக்கொண்டு, இன்னொரு காலால், பேச்சை ஓட்டவும் நிறுத்தவும் ஆபீசில் கொடுத்த பெடலை மிதித்து டாக்டரைப் பேசவைப்பேன். ஒரு காதில் அவர், ஒரு காதில் குழந்தை. அதற்காக ஒரு பக்க இயர்போனை எப்போதும் கொஞ்சம் விலக்கியேதான் வைத்திருப்பேன். முதல் மாதம் ஒரு நாள் கரண்ட் போய் ஃபைல் லேட். இரண்டாவது மாதம் பிராட்பேண்ட் படுத்து இன்னொரு ஃபைல் லேட். இன்னும் ஒரு தடவை லேட்டானால் போச்சு என்று மூன்றாவது மாதம் முழுக்கக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேதான் அடித்தேன். அந்த மாதம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது ஆயுத பூஜை வந்தது.

யூனிட்டில் தையல் மெஷின்களுக்குப் பூஜை போட்டுவிட்டு வந்த கணவர், "ஊருக்கெல்லாம் பூஜை போட்டாச்சு, நம்ம வூட்டு மெஷினுக்கு இல்லையா?" என்றார். இல்லாமலா? பெட்டியை அலமாரியிலிருந்து இறக்கித் துடைத்து, மணைமேல் வைத்து, சந்தனம் குங்குமம் இட்டேன். படைக்கத்தான் இடமில்லை. மணையைச் சுற்றி ஒரு பக்கம் கட்டில், ஒரு பக்கம் தூளி, ஒரு பக்கம் நாங்கள். இலையை எங்கே போடுவது? பெட்டியின் தலை மேசை மாதிரி சமமாக, சௌகரியமாக இருந்தது. அதன் மேலேயே வாழை இலையைப் போட்டு பொரி, பொட்டுக்கடலை, வெல்லம், பழம் எல்லாம் வைத்துவிட்டேன். கற்பூரம் காட்டி முடித்ததும் குழந்தைக்கு வியர்க்கிறதே என்று மின்விசிறியைப் போட்டேன். பொரி அறை முழுக்கப் பறந்தது. நாங்கள் இரண்டு பேரும் சிரித்துச் சிரித்துப் பொறுக்கினோம். கண்ணுக்குத் தெரிந்ததையெல்லாம் பொறுக்கிவிட்டோம்.

பூஜையில் வைத்ததை மறுநாள்தான் எடுக்க வேண்டும். விஜயதசமி காலையில் பெட்டியை அலமாரியில் ஏற்றி, ஆன் செய்தேன். ஐந்து நிமிஷம் ஓடியது. அணைந்தது. மறுபடி போட்டேன், மூன்று நிமிஷம். மறுபடி, ஒரு நிமிஷம். அன்றைய ஃபைல் சாயங்காலம் ஆறு மணிக்குப் போக வேண்டும். கணவர் யூனிட்டுக்குப் போய்விட்டார், விஜயதசமியன்று புது ஆர்டர் தொடங்குகிறார்களாம். பக்கத்துப் போர்ஷன்காரர்கள் கூட்டமாகத் திருநீர்மலைக் கோயிலுக்குக் கிளம்பிவிட்டார்கள். டீம் லீடருக்குப் போன் போட்டுக் கொஞ்சம் நேரம் கேட்டேன். "ஆறு மணி. உங்களுக்கே தெரியும்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அவரிடம் காட்ட முடியாத கோபத்தையெல்லாம் பாயிடம் காட்டினேன். கடை பூட்டியிருக்குமோ என்று பயந்துகொண்டேதான் போட்டேன், அவரே எடுத்தார்.

"நீங்க குடுத்த பெட்டி செத்துப் போச்சு பாய். மூணு மாசம் கூடத் தாங்கல."

"இன்னா ஆச்சு மேடம்? லைட் எரியுதா?"

"லைட்டு எரிஞ்சா என்ன, எரியாட்டி என்ன? என் வேலை போகப்போகுது. ஆம்பளைங்க செய்ய வேண்டிய வேலையைப் பொம்பளை கையில குடுத்தா இப்படித்தான் ஆகும்!"

இதைச் சொன்னது நான். பெண்பிள்ளைக்கு எதற்கு வேலை, வீட்டோடு கிடக்கலாமே என்று யார் சொன்னாலும் அவர்களோடு சண்டைக்குப் போகிறவள். சொல்லி முடித்ததும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது, ஆனால் திரும்பப் பெற வாய் வரவில்லை. அந்தக் கடைப் போனில் பேசினால் பக்கத்தில் நிற்பவருக்கும் தெளிவாகக் கேட்கும். அதுவும் எனக்குத் தெரியும்.

"அட்ரஸ் சொல்லுங்க மேடம், ஆள் அனுப்பறேன்" என்றார் பாய்.

ஒன்றரை மணிக்கு ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கியது அவர் மனைவிதான். முகத்தில் கோபம் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. தண்ணீர் கொடுத்தேன். "ரம்ஜான் நோன்புக்கா" என்று சொல்லிவிட்டு வளையலைக் கழற்ற ஆரம்பித்தார். பெட்டியைக் கட்டில்மேல் ஒரு செய்தித்தாளில் வைத்து மூடியைக் கழற்றினார். குனிந்து உள்ளே பார்த்தார்.

"அக்கா, நேத்து பூஜையா?"

எட்டிப் பார்த்தேன். போர்டுமேல் ஒரு பொட்டுக்கடலை. எஸ்எம்பிஎஸ்மேல் இரண்டு பொரி. ஃபேனின் இறக்கைக்கும் ஓரத்துக்கும் நடுவே, நமத்துப்போய், பசை மாதிரி ஒட்டிக்கொண்டு இன்னும் இரண்டு. ஃபேன் அசையவே இல்லை. காற்று வருவதற்காக அவர் பாடுபட்டு விட்டுவைத்த வழியில் நான் படையல் போட்டிருக்கிறேன். பிராசசர் சூடேறிச் சூடேறித் தன்னைத்தானே அணைத்துக்கொண்டிருக்கிறது.

அவர் சிரித்திருக்கலாம், ஒரு வார்த்தை குத்தலாகச் சொல்லியிருக்கலாம். எனக்கு அது நன்றாகவே வேண்டும். "பயப்படாதீங்கக்கா, எதுவும் போவல" என்று மட்டும் சொன்னார்.

ஆனால் அந்த ஃபேனை எடுப்பது லேசான காரியமாக இல்லை. எஸ்எம்பிஎஸ் வெளியே வந்தது. அதற்குப் பிறகுதான் கூண்டு. கூண்டு வந்த பிறகுதான் ஃபேனைப் பிடித்திருக்கும் நாலாவது கொக்கிக்கு விரல் எட்டியது. கழற்றிய ஸ்க்ரூக்களை எந்த இடத்தில் கழற்றினாரோ அந்த வரிசையில் செய்தித்தாளில் வைத்துக்கொண்டே போனார். ஃபேனைக் கையில் எடுத்து, என்னிடம் ஓர் ஊசி வாங்கி, பொரியைத் துணுக்குத் துணுக்காகச் சுரண்டினார். இறக்கை ஒன்றுகூட ஒடியாமல் பார்த்துக்கொண்டார். சூட்டைத் தகடுகளுக்குக் கடத்துவதற்காக இட்டு, காய்ந்துபோயிருந்த பழைய பேஸ்ட்டைத் துடைத்துவிட்டு, பிராசசர்மேல் பொட்டு வைப்பதுபோலப் புதிதாக ஒரு துளி வைத்தார். பிறகு எல்லாவற்றையும் தலைகீழ் வரிசையில் உள்ளே அனுப்பினார். மறுபடியும் அந்தக் கொசுவம், மறுபடியும் ஃபேனுக்கு முன்னால் அந்தக் காலி இடம். நான் கடிகாரத்தையும் அவர் கையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றேன். சீக்கிரம் என்று சொல்ல வாய் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அடக்கினேன், என் வாழ்க்கையில் அது ஒரு சாதனை.

பெட்டி மறுபடி ஓடத் தொடங்கியபோது மூன்றே கால். பத்து நிமிஷம் விட்டுப் பார்த்தார், அணையவில்லை. அன்றைக்கு வந்திருந்தது நாற்பது நிமிஷப் பேச்சு. அதை அடிக்க எனக்கு எப்போதும் கிட்டத்தட்ட இரண்டரை மணி நேரம் பிடிக்கும். நான் இயர்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்த நேரம் பார்த்து, தூளிக்குள்ளிருந்து ஒரு வீறல்.

எழுந்திருக்கப்போனேன். அவர் என் தோளில் கையை வைத்து அழுத்தி உட்காரவைத்தார். "நீங்க அடிங்கக்கா. நான் பாத்துக்கறேன்." வளையலைத் திரும்ப மாட்டிக்கொண்டு குழந்தையைத் தூக்கினார். வளையல் சத்தத்தைக் கேட்டு அது அழுகையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தது. எங்கள் அறையில் நடை பழகக்கூட இடமில்லை. கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே நாலு எட்டு போய், நாலு எட்டு வந்து, அந்தப் பெண் ஒன்றே முக்கால் மணி நேரம் என் பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தார். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்காத உடம்பு. கடையில் எத்தனை வேலை காத்திருந்ததோ தெரியாது.

நடுவில் அவருடைய செல்போன் அடித்தது. குரல் மெதுவாகத்தான் இருந்தது, ஆனால் என் ஒரு காது திறந்திருந்ததே.

"ஆமாங்க, ஓடுது... ஃபேன் கேபிள் லூசா இருந்திச்சு. நான்தான் சரியா மாட்டல போல... ஆமா, என் தப்புதான். கியாரண்டியில போட்டுக்குங்க."

என் விரல் கீபோர்டில் நின்றது. திரும்பி, இல்லை பாய், நான்தான் பொரியைக் கொட்டினேன் என்று அங்கேயே கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை. காலம்பர நான் சொன்னதைச் சரி என்று ஆக்கிவிட்டுப் போகிறாரே, அந்தக் கையைப் பற்றி நான் சொன்னதைத் தானே ஒப்புக்கொள்கிறாரே என்று தோன்றியது. ஆனாலும் கால் பெடலை மிதித்தது, டாக்டர் மறுபடி பேச ஆரம்பித்தார், நான் அடித்தேன்.

ஐந்தேகாலுக்குக் குழந்தை அவர் தோளிலேயே தூங்கிவிட்டது. தூளியில் போட்டுவிட்டு, "நோன்பு தொறக்கற நேரம் ஆவுதுக்கா, கெளம்பறேன்" என்றார். நான் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் "சரி" என்றேன். வாசல் வரைகூடப் போகவில்லை. ஐந்து ஐம்பத்து நாலுக்கு ஃபைல் போனது. போய்விட்டது என்று திரையில் வந்ததும் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன். பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள், அந்தப் பெண் வீடு போய்ச் சேர்ந்திருப்பாரா, ஷேர் ஆட்டோவிலேயே இருப்பாரா என்று அப்போதுதான் நினைத்தேன்.

மறுநாளே போன் பண்ணியிருக்கலாம். பண்ணவில்லை. பண்ணினால் மன்னிப்புக் கேட்க வேண்டும். கோபப்படுவது எனக்குத் தண்ணீர் பட்ட பாடு, மன்னிப்புக் கேட்பது பழக்கமில்லாத வேலை. இன்றைக்கு வேண்டாம், நாளைக்கு என்று பத்து நாள் ஓட்டினேன். கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னபோது அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"நீ பேசின பேச்சுக்கு அந்தப் பொண்ணு வந்ததே பெருசு. இதுல பழியையும் அது தலைமேல போட்டுக்கினு போயிருக்கு. நீ இன்னும் இங்கேயே குந்திகினு கீற?"

பத்தாம் நாள் ஆபீசிலிருந்து மெயில் வந்தது. வீட்டு வேலை நிரந்தரம். அதைப் படித்ததும் சந்தோஷத்துக்குப் பதிலாக எனக்கு வெட்கம்தான் வந்தது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தாம்பரம் பஸ் ஏறினேன்.

கடையில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். பாய் என்னைப் பார்த்ததும், "வாங்க மேடம். மறுபடியும் கேபிள் லூசா?" என்றார்.

"கேபிள் லூசே இல்ல பாய்" என்றேன். குரல் எனக்கே கொஞ்சம் பெரிதாகக் கேட்டது. "பொரி. பெட்டி மேல இலையைப் போட்டுப் படைச்சேன். ஃபேனுக்குள்ள விழுந்துடுச்சு. தப்பு முழுக்க என்னுது. உங்க வீட்டம்மா மேல ஒண்ணும் இல்ல. அவங்க கையைப் பத்தி நான் போன்ல பேசினேனே, அதுவும் என் வாய்க்கொழுப்பு."

நின்றிருந்தவர்களில் ஒருவர் பொரி என்றதும் சிரித்துவிட்டார். சிரிக்கட்டும் என்று நின்றேன். பாய் சிரிக்கவில்லை.

"தெரியும் மேடம்" என்றார். "பொரின்னு தெரியாது. ஆனா கேபிள் இல்லைன்னு தெரியும். அவ மாட்டின கேபிளை நானே கழட்டணும்னா ரெண்டு கையும் வேணும். ஆறு வருசத்துல ஒண்ணு லூசா வந்தது இல்ல. என் தப்புதான்னு அவ சொன்னப்பவே, வேற என்னமோ கீதுன்னு நெனைச்சுக்கினேன். கேக்கல."

தடுப்புப் பலகைக்குப் பின்னால் போனேன். அவர் இன்னொரு சின்னப் பெட்டிக்குள் மணிக்கட்டு வரைக்கும் கையை விட்டுக்கொண்டிருந்தார். நான் வெளியே பேசியது எல்லாம் கேட்டிருக்கும். மன்னிச்சுக்குங்க என்று சொல்வதற்கு வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருந்தேன். வாயைத் திறப்பதற்குள் அவர் கையை வெளியே எடுத்துவிட்டு, அவசரமாக, பத்து நாளாக அடக்கிவைத்திருந்ததுபோலக் கேட்டார்.

"அக்கா, அன்னைக்கு ஃபைல் ஆறு மணிக்குள்ள போச்சா? நோன்பு தொறக்கும்போது அல்லாகிட்ட துஆ கேட்டேன். போச்சா இல்லையான்னே தெரியல."

என் வெட்கத்தையே கட்டிக்கொண்டு பத்து நாள் வீட்டில் உட்கார்ந்திருந்தேனே, இவருக்கு இந்த ஒரு சேதி வேண்டியிருக்கும் என்று ஒரு தடவைகூட எனக்குத் தோன்றவில்லை.

"போச்சும்மா" என்றேன். "ஆறு நிமிஷம் பாக்கி இருந்துச்சு. வேலை நிலைச்சுடுச்சு. உன்னாலதான்."

"அல்ஹம்துலில்லாஹ்" என்று கண்ணை மூடி இறைவனுக்கு நன்றி சொன்னார். பிறகு வளையலை எடுத்து மாட்டிக்கொண்டு, குழந்தையை வாங்க இரண்டு கையையும் நீட்டினார்.